அம்மா வரைந்த கார் ஷெட்

அம்மா இறந்து நாற்பத்துநான்கு நாள் ஆகிறது. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் அளவுகள்தான் வருகின்றன. உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். வயது அறுபத்தாறு. ஒரு சலவைக் கடையின் பின்னறையில் முப்பத்தொரு வருடம் ஆல்டரேஷன் வேலை. பேண்டைக் குட்டையாக்குவது, இடுப்பைப் பிடிப்பது, பிரிப்பது, ஜிப் மாற்றுவது. புதுத்துணி வெட்டித் தைத்ததே இல்லை. "அடுத்தவன் பண்ண தப்ப சரி பண்றதுதான் என் பொழப்பு" என்பாள்.

கழுத்தில் எப்போதும் டேப் கிடக்கும். கடை இல்லாத நாளிலும் கிடக்கும். தெருவில் டேப் அம்மா என்றுதான் பெயர். அளவெடுக்கும்போது எல்லோரும் பொய் சொல்வார்கள் என்பது அவள் கட்சி. ஆண்கள் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பார்கள். "மூச்ச விடுங்க சார், நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்பாள். விடாதவர்களுக்குச் சொல்லாமல் இரண்டு அங்குலம் கூட்டிக்கொள்வாள். துணி திரும்பி வந்ததில்லை.

அப்பா நகரப் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற்று ஆறு வருடம். போன வருடம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வலது கையிலிருந்து பிரஷ் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழவில்லை. பக்கவாதம். வலது கை, வலது கால், பாதிப் பேச்சு போயின.

மருத்துவமனையிலிருந்து பிசியோ பெண் வீட்டைப் பார்க்க வந்தாள். எங்கள் வீட்டில் கீழே சமையலறையும் கார் ஷெட்டும் மட்டும். படுக்கை, குளியலறை எல்லாம் மேலே. அவள் படிகளை எண்ணினாள். பதினான்கு.

"அவரால இது முடியாதும்மா. கீழ ஒரு ரூம் வேணும். ஒட்டினாப்புல பாத்ரூம். தொண்ணூறு சென்டிமீட்டர் வாசல். இது இருந்தா வீட்டுக்கு அனுப்பலாம். பத்து வாரம் நாங்க வெச்சுக்கறோம்."

"இல்லேன்னா?"

"பராமரிப்பு இல்லம்."

"அங்க நானும் கூட இருக்கலாமா?"

"பார்க்கிற நேரம் ரெண்டுலேருந்து ஆறு வரைக்கும்."

அம்மா தலையாட்டினாள். பிசியோ பெண் போனதும் கார் ஷெட்டின் ஷட்டரைத் தூக்கினாள். காரை விற்று இரண்டு வருடமாகியிருந்தது. உள்ளே ஒரு ஏணி, பெயின்ட் டப்பாக்கள், ஓட்டைக் குடம், தலையில்லாத தையல் பொம்மை. பொம்மையை இடுப்பில் தூக்கி வெளியே வைத்தாள். பிறகு எனக்கு போன் செய்தாள்.

நான் ரயிலில் ஐந்து மணி நேரத் தொலைவில் இருக்கிறேன். பாலங்களுக்கு வரைபடம் போடுவது என் வேலை. கார் ஷெட்டை அறையாக்க நகரமைப்பு அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும், அதற்கு வரைபடம் வேண்டும் என்று சொன்னதே நான்தான். "நான் போட்டுத் தரேம்மா. ஒரு நாள் வேலை."

ஒரு நாள் வேலைதான். அந்த வாரம் ஒரு பாலத்துக்குத் தூண் மாற்றம் வந்தது. அடுத்த வாரம் என்றேன். அடுத்த வாரமும் அடுத்த வாரம் என்றேன்.

"பாலத்த முடிடி முதல்ல. நாலு பேர் போற வழி" என்றாள். அதில் குத்தல் இருந்ததா என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

மூன்று வாரம் பார்த்தாள். நான்காவது வாரம் அவளே வரைந்துவிட்டாள். பழுப்புத் தாளில், தையல் ஸ்கேலை வைத்து, பென்சிலால். ஜெராக்ஸ் கடைக்காரர் அதைச் சுத்தமாகக் கணினியில் ஏற்றிக் கொடுத்தார். அளவு எதையும் அவர் மாற்றவில்லை. அம்மா கொண்டுபோய் கவுண்டரில் கொடுத்துவிட்டு எனக்குச் சொன்னாள்: "குடுத்தாச்சு. நீ தூங்கு."

ஏழாவது வாரம் பதில் வந்தது. நிராகரிப்பு. இரண்டு காரணங்கள். ஒன்று, வரைபடத்தின்படி பக்கச்சுவர் எல்லையைத் தாண்டி அடுத்தவர் நிலத்தில் ஒன்றரை அங்குலம் நிற்கிறது. அடுத்த வீட்டுக்காரர் எழுத்துமூலம் ஆட்சேபித்திருக்கிறார். இரண்டு, வீட்டுக்கு இருந்த ஒரே கார் நிறுத்தும் இடம் இல்லாமல் போகிறது.

அன்றே ரயில் ஏறினேன்.

லேசர் அளவுமானியை வைத்து கார் ஷெட்டை அளந்தேன். அகலம் பத்தடி நான்கு அங்குலம். அம்மாவின் வரைபடத்தில் பத்தடி ஏழு. நீளத்திலும் சரியாக மூன்று அங்குலம் கூடுதல். வாசலிலும் மூன்று. தப்பாக அளந்தால் பிழை இப்படி நூல் பிடித்தது போல் வராது. அங்கொன்று கூடும், இங்கொன்று குறையும். இது வேண்டுமென்றே செய்தது.

"எல்லாப் பக்கமும் ஒன்றரை இன்ச் கூட இருக்கேம்மா. ஏன்?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "தையலுக்கு விட வேண்டாமா?"

நான் வரைபடத்தை மறுபடி பார்த்தேன்.

"அளவா வெட்டிட்டா அப்புறம் எதப் பிரிப்ப? ரெடிமேட்காரன் அப்படித்தான் பண்றான். உள்ள துணியே விடமாட்டான், படுபாவி. நாள் முழுக்க அவனத் திட்டிக்கிட்டேதான் தைக்கிறேன். கூட இருந்தா பிடிச்சுக்கலாம். குறைஞ்சா ஒட்டா போட முடியும்?"

"இது பாவாடை இல்லம்மா. சுவர்."

குரலை உயர்த்தித்தான் சொன்னேன். ரயிலில் வந்த களைப்பு என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். அவள் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து, சுருட்டி, மேசை மேல் வைத்தாள். அதன் பிறகு அன்று முழுக்க அது கழுத்துக்குப் போகவில்லை.

சாயங்காலம் புது வரைபடம் தயாராகிவிட்டது. நான்கு மணி நேரம் ஆனது.

மறுநாள் இருவரும் நகரமைப்பு அலுவலகத்துக்குப் போனோம். கவுண்டருக்குப் பின்னால் இருந்தவர் எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் எழுதினார். அவர் பெயர் கடைசி வரை எங்களுக்குத் தெரியாது. சிவப்புப் பேனா என்றே பேசிக்கொண்டோம். புது வரைபடத்தைப் பார்த்தார்.

"சுவர் சரி. கார் எங்க நிக்கும்?"

"எங்ககிட்ட கார் இல்லீங்க" என்றாள் அம்மா. "ஓட்டறவரு ஆஸ்பத்திரில இருக்காரு. அவருக்குத்தான் இந்த ரூமே."

"உங்ககிட்ட கார் இருக்கா இல்லையான்றது கேள்வி இல்லம்மா. இந்த வீட்டுக்குக் கார் நிக்க ஒரு இடம் வேணும். நாளைக்கு நீங்க வித்துட்டுப் போயிடுவீங்க. வீடு இங்கதான நிக்கும்?"

"நான் எங்கயும் போகல."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"முன்னாடி முற்றத்துல நிறுத்தினா?" என்று கேட்டேன்.

"அஞ்சு மீட்டர் ஆழம் வேணும். உங்களுக்கு நாலுதான்."

"குறுக்க நிறுத்தினா?"

அவர் பேனாவின் பின்பக்கத்தால் தாளைத் தட்டினார். "நிறுத்தலாம். ஆனா வண்டி எப்படித் திரும்பும்? பறந்தா?" கொஞ்சம் யோசித்தார். "பக்கத்து வீட்டுக்கும் உங்களுக்கும் நடுவுல முன்னாடி ஒரு குட்டைச்சுவர் இருக்கில்ல? அத எடுத்துட்டு, அவர் முற்றத்துல வண்டிய வளைச்சுக்கலாம்னு எழுதி வாங்கிட்டு வாங்க. அப்படியே அந்த ஆட்சேபணையையும் வாபஸ் வாங்கச் சொல்லுங்க."

வெளியே வந்ததும் அம்மா சொன்னாள்: "சாண் ஏறினா முழம் சறுக்குது."

பக்கத்து வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். நான் லாரி மாமா என்று கூப்பிடுவேன். அம்மா அவருக்கு அக்கா. அதனால் அப்பாவை அவர் மாமா என்பார், அப்பா அவரை மாப்ள என்பார். பஸ் உசத்தியா லாரி உசத்தியா என்று இருபத்திரண்டு வருடம் சுவருக்கு இரு பக்கமும் நின்று சண்டை போட்டவர்கள். பஸ்காரனுக்கு ரிவர்ஸ் வராது என்பது லாரி மாமாவின் வாதம். லாரிக்காரன் ஏற்றுவது மூட்டை, வாய் பேசாது, அதனால் எப்படி ஓட்டினாலும் புகார் வராது என்பது அப்பாவின் வாதம். அவரிடம்தான் அம்மா போய்க் கேட்க வேண்டும்.

நானும் போனேன். கதவைத் திறந்தவர் எங்களை உள்ளே கூப்பிடவில்லை. நகரமைப்பு அலுவலகம் அவருக்கு அனுப்பியிருந்த பதிவுத் தபாலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். நாங்கள் வருவதைப் பார்த்துவிட்டுத்தான் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

"வாங்கக்கா. என் நிலத்த அளக்க வந்தீங்களா?"

"ஒன்றரை இன்ச்ச எடுத்து நான் என்ன பண்ணப் போறேன் தம்பி? ரோஜாச் செடி நடவா?"

"கேட்டிருந்தா ஒன்றரை அடி குடுத்திருப்பேன். இருபத்திரண்டு வருஷம் ஒரே செவுரு. மாமா விழுந்தன்னைக்கு ஆம்புலன்ஸ்ல ஏத்தினது யாரு? ஒரு வார்த்த என்கிட்ட சொல்லாம, கவர்மெண்ட் சீல் குத்தின பேப்பர்ல சொல்றீங்க. பதினஞ்சு நாளுக்குள்ள பதில் சொல்லணுமாம். நான் என்ன கேஸ்காரனா?"

"அது ஆபீஸ்ல அனுப்பறாங்க தம்பி. நான் அனுப்பல."

"ரூம் கட்டப் போறீங்கன்றதே அதுல பாத்துத்தான எனக்குத் தெரியும்?"

அம்மா அந்தத் தபாலைப் பார்த்தாள். யாரிடமும் உதவி கேட்டுப் பழக்கமில்லாதவள். என்னிடம் கேட்டதே அபூர்வம். அந்த ஒரு தடவையும் நான் தவணை சொன்னேன்.

"தப்புதான்" என்றாள். பிறகு தையலுக்கு விட்ட கதையைச் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. நான் கத்தியதைக்கூடச் சொன்னாள்.

லாரி மாமா முதலில் முறைத்துக்கொண்டுதான் கேட்டார். பாவாடை என்ற இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அக்கா, அப்ப இந்த வீட்டைப் பிரிச்சு லூசாக்கலாம்னு நெனச்சீங்களா?"

"சிரி, சிரி. உன் பேண்டு எல்லாம் யார் பிரிச்சா? வருஷத்துக்கு ஒரு இன்ச்."

அதற்குமேல் அவர் கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் ஆட்சேபணையை வாபஸ் வாங்குவதற்கும் ஒரு நடைமுறை இருந்தது. தேதி கொடுத்தார்கள். விசாரணை என்று பெயர், அம்மாவும் லாரி மாமாவும் போய் ஒரு மேசைக்கு முன் நின்றார்கள், அவ்வளவுதான். இரண்டு வாரம் அதில் போனது. குட்டைச்சுவரை லாரி மாமாவே கடப்பாரையால் இடித்தார். ஒரு காரை இரவல் வாங்கி வந்து, முற்றத்தில் வளைத்துக் குறுக்கே நிறுத்திக் காட்டினார். சிவப்புப் பேனா அதை போட்டோ எடுத்துக்கொண்டார்.

அனுமதி பதிமூன்றாவது வாரம் வந்தது. பத்தாவது வாரமே மருத்துவமனை அப்பாவைப் பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றிவிட்டது.

இல்லத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அம்மா கடையில் காலை ஷிப்ட் மட்டும் வாங்கிக்கொண்டு, பன்னிரண்டரைக்குக் கிளம்பி, இரண்டு மணிக்கு அங்கே இருப்பாள். ஆறு மணிக்கு வெளியே அனுப்புவார்கள். எட்டு மணிக்கு வீடு. காலையில் ஏழரைக்கு மேஸ்திரி வருவதற்குள் எழுந்து நிற்பாள்.

மேஸ்திரி எனக்கு போனில் புகார் சொன்னார். "உங்கம்மா நிக்கிறப்ப தூக்குக்குண்டே வேணாம்மா. கண்ணாலயே சொல்றாங்க, அந்த மூலை அரை நூல் வெளிய இருக்குன்னு. போய்ப் பாத்தா இருக்கு!" பாத்ரூம் சுவரில் பிடித்துக்கொள்ளும் கம்பி எந்த உயரத்தில் வர வேண்டும் என்று அவர் கேட்டபோது, அம்மா அன்று மதியம் இல்லத்துக்குப் போய் அப்பாவை எழுப்பி நிறுத்தி, இடது கை எட்டும் உயரத்தை அளந்து வந்தாள். தரையிலிருந்து முப்பத்து மூன்றரை அங்குலம். இந்த முறை எதுவும் கூட்டவில்லை. என்னிடம் அதைத் தனியாகச் சொன்னாள்: "சரியா எழுதியிருக்கேன். வேணும்னா நீ வந்து அளந்துக்கோ."

நான் சிரித்தேன். போகவில்லை.

பதினாறாவது வாரம் செவ்வாய்க்கிழமை, பஸ் மாறும் நிறுத்தத்தில் பெஞ்சில் உட்கார்ந்தபடி இறந்துபோனாள். மாரடைப்பு. தூங்குகிறாள் என்று நினைத்து, இரண்டு பஸ் வந்து போகும்வரை நிறுத்தத்தில் யாரும் எழுப்பவில்லை. மூன்றாவது பஸ்ஸின் ஓட்டுநர் தினமும் அவளை ஏற்றுகிறவர். அவர்தான் இறங்கி வந்து தொட்டுப் பார்த்தார். மணி ஒன்று இருபது.

மறுநாள் இல்லத்தில் அப்பாவிடம் நான் சொன்னேன். அவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்றரை. அன்றும் ஒன்றரை மணி நேரமாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

எல்லாம் முடிந்து நான்கைந்து நாள் கழித்து, லாரி மாமா வந்தார். பாதி கட்டிய அறையில் நான் ஒரு சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தேன். அவர் எதிர் மூட்டையில் உட்கார்ந்தார்.

"நான் அந்த லெட்டர் போடாம இருந்திருந்தா..."

"மாமா, நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

நிஜமாகவே போட்டிருந்தேன். வேலை அட்டவணை போடுவது எனக்குப் பழகிய காரியம். எந்தத் தாமதம் முடிவு தேதியைத் தள்ளியது, எது தள்ளவில்லை என்று பார்ப்பது.

"வேலை முடிய வேண்டியது பதினெட்டாவது வாரம். மொத்தத் தாமதம் ஆறு வாரம். உங்களுது ரெண்டு. அத மட்டும் கழிச்சா அப்பா பதினாறாவது வாரக் கடைசில வந்திருப்பாரு. செவ்வாய்க்கிழமை அம்மா அந்த பஸ்ஸுக்குப் போயிருப்பா. என்னுது நாலு. மூணு வாரம் வரையாம இருந்தது, திருத்தினத ஆபீஸ்ல மறுபடி பாக்க ஒரு வாரம். அதக் கழிச்சா பதினாலு. போயிருக்க மாட்டா. அதனால உங்களுது இல்ல. என்னுது."

அவர் கண் சிவந்து போனது.

"பைத்தியமாடி நீ? எல்லாத்தையும் நீயே எடுத்துக்குவியா? எனக்குக் கொஞ்சம் விடமாட்டியா?"

அவர் எழுந்து மேஸ்திரி விட்டுப் போன கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

நான் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கினேன். மேல்மாடியில் கணினியை வைத்தேன். அப்பா வந்தால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்க வேண்டும் என்பது இல்லத்தின் நிபந்தனை. ஆளாக என் பெயரை எழுதினார்கள்.

ஒரு சிக்கல் மிஞ்சியது. அறை முடிந்தபின் நகரமைப்பு அலுவலகத்திலிருந்து வந்து பார்த்து, பணி நிறைவுச் சான்று கொடுத்த பிறகுதான் அங்கே யாரும் குடியிருக்கலாம். அதற்குமுன் யாராவது இருந்தால் அனுமதியையே நிறுத்தி வைக்கலாம் என்று விதி. பார்க்க வரும் தேதி வெள்ளிக்கிழமை. இல்லத்திலோ அப்பாவின் படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று. புதன்கிழமை கூட்டிப் போங்கள் என்றார்கள். வெள்ளி வரை வைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். நடக்கவில்லை. புதன் மதியம் அப்பா வந்தார். லாரி மாமா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். தொண்ணூறு சென்டிமீட்டர் வாசலில் இரு பக்கமும் இடிக்காமல் போனது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு சிவப்புப் பேனா நேரில் வந்தார். அப்பாவை எங்கே ஒளிப்பது? சமையலறையில் கட்டில் போட இடமில்லை. அப்படியே படுத்திருந்தார். அவரை இல்லத்துக்குத் திருப்பி அனுப்பச் சொன்னால் அங்கே படுக்கை இல்லை. வேறு எந்த ஊர் இல்லத்தில் கிடைக்குமோ தெரியாது.

சிவப்புப் பேனா வாசலில் நின்றார். கட்டிலைப் பார்த்தார். செருப்பு, தண்ணீர் டம்ளர், மாத்திரைப் பெட்டி எல்லாவற்றையும் பார்த்தார்.

"யாரு இவரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

"வி... ருந்... தாளி."

"ஓ. எப்ப வந்தீங்க?"

"புதன்."

"எப்பப் போறீங்க?"

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"போக... மாட்டேன்."

சிவப்புப் பேனா டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்தார். அகலம், நீளம், உயரம், ஜன்னல். நான் ஒரு முனையைப் பிடித்தேன். கட்டிலைச் சுற்றி வந்து அளந்தார். பாத்ரூம் கம்பியை இழுத்து ஆட்டிப் பார்த்தார். "யார் சொன்ன உயரம் இது? சட்டத்துல இருக்கிறதவிட ரெண்டு இன்ச் தாழ்வா இருக்கே."

"அப்பாவோட கைக்கு அளந்தது. அம்மா அளந்தாங்க."

"அது சொந்த வசதி. குறை இல்ல." எழுதிக்கொண்டார். பிறகு படிவத்தை நீட்டினார். "விண்ணப்பதாரர் கையெழுத்து. அம்மாவக் கூப்பிடுங்க."

சொன்னேன். தேதியையும் சொன்னேன்.

அவர் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். "எங்கயும் போகலன்னு சொன்னாங்களே" என்றார். என்னிடம் சொன்னது போல் இல்லை. பிறகு விண்ணப்பதாரர் என்ற இடத்துக்குக் கீழே 'வாரிசு' என்று எழுதி, அங்கே விரலை வைத்தார். கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வரி: அறையில் தற்போது யாரேனும் குடியிருக்கிறார்களா?

அவர் அப்பாவை ஒருமுறை பார்த்தார். இல்லை என்று எழுதினார்.

"சான்று திங்கட்கிழமை வரும். அன்னைலேருந்து இருக்கலாம்" என்று வாசலில் சொல்லிவிட்டுப் போனார்.

சனியும் ஞாயிறும் சட்டப்படி அந்த அறையில் யாரும் இல்லை. அப்பா பகலெல்லாம் தூங்கினார். நான்கு முறை தண்ணீர் கேட்டார். ஒருமுறை அம்மாவைக் கூப்பிட்டார். நான் போனேன்.